ஊரை விட்டு வெளியேறுவது வேறு, வெளியேற்றப்படுவது வேறு

(காஞ்சிபுரம் மாவட்டத்தில் இளைஞர்களுக்காக நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரந்தூர் விமான நிலையத்தை எதிர்க்கும் மக்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். கூட்டத்துக்கு முன்பே கேள்விகளை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை ஏரிகள், வெள்ளம், இழப்பீட்டுத் தொகை பற்றியவை. ஒரு கேள்வி மட்டும் தனியாக நின்றது. அதை அப்படியே படிக்கிறேன்.

"கிராமம் சாதியின் கூடாரம் என்றார் அம்பேத்கர். நம் மக்களை அங்கிருந்து வெளியேறச் சொன்னார். அப்படியானால் ஒரு விமான நிலையம் வந்து 13 கிராமங்கள் காணாமல் போனால் நமக்கு என்ன நஷ்டம்? ஊர் போனால் சேரியும் போகும்தானே? நிலம் வைத்திருக்கும் சாதிகளின் நிலத்தைக் காப்பாற்ற நாம் ஏன் கொடி பிடிக்க வேண்டும்?"

இதை எழுதிய தோழர் இங்கேதான் இருக்கிறார். யார் என்று கேட்கப் போவதில்லை. ஆனால் இது விளையாட்டாகக் கேட்ட கேள்வி அல்ல. சூழலியல் கூட்டங்களில் 'நம் கிராமம்', 'நம் மண்', 'நம் பாரம்பரியம்' என்று மேடையில் முழங்கும்போது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் சேரிப் பிள்ளையின் மனதில் ஓடுகிற கேள்வி இதுதான். இன்று நான் பேசப்போவது முழுக்க இதற்கான பதில்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் அமையும் என்ற அறிவிப்பு 2022 ஆகஸ்டில் வந்தது. மீனம்பாக்கம் இனி தாங்காது, ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகளைக் கையாளும் நிலையம் வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம். 2023 அக்டோபரில் மாநில அரசு நிலம் எடுக்க நிர்வாக ஒப்புதல் தந்தபோது கணக்கு ஏறத்தாழ 5,746 ஏக்கர். அதில் 3,774 ஏக்கர் பட்டா நிலம், 1,972 ஏக்கர் புறம்போக்கு. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

அறிவிப்பு வருவதற்கு முன்பே செய்தி கசிந்து, 2022 ஜூலை இறுதியிலேயே ஏகனாபுரம் மக்கள் போராட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். பகலில் வயலுக்கும் கம்பெனிக்கும் போய்விட்டு, மாலையில் பிள்ளைகளோடு வந்து உட்காருகிறார்கள். கிராம சபை கூடும்போதெல்லாம் திட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். தமிழ்நாட்டில் வாழ இடமில்லை என்றால் ஆந்திராவில் தஞ்சம் கேட்கிறோம் என்று சித்தூர் ஆட்சியரைப் பார்க்கக் கிளம்பினார்கள். 2025 ஏப்ரலில் போராட்டம் ஆயிரம் நாளைக் கடந்தது. அதே மாதம் ஒன்றிய அரசு கொள்கை அளவிலான ஒப்புதலைக் கொடுத்தது. ஜூலையில் சில நில உரிமையாளர்களிடமிருந்து பத்திரப்பதிவும் தொடங்கியது. போராட்டம் ஒரு பக்கம், பதிவு ஒரு பக்கம் என்பதுதான் நிலைமை.

இப்போது கேள்விக்கு வருவோம்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிப் பேசியது உண்மை. கிராமங்களை நாட்டின் அடித்தளமாக வைக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அவர் கொடுத்த பதில் அது. கிராமக் குடியரசு என்று நீங்கள் கொண்டாடுவது அறியாமையும் குறுகிய மனமும் சாதிவெறியும் ஊறிய இடம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அதில் ஒரு எழுத்தைக்கூட நாம் மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. அதற்கு ஓர் ஆண்டுக்கு முன், 1947இல், 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் தன் திட்டத்தை எழுதி வைத்திருக்கிறார். பட்டியல் சாதி மக்களுக்குத் தனிக் குடியேற்றங்கள் வேண்டும். அதற்கென ஓர் ஆணையம் வேண்டும். அரசிடம் உள்ள சாகுபடிக்குத் தகுந்த தரிசு நிலம் அந்தக் குடியேற்றங்களுக்கு வேண்டும். வேளாண் நிலம் அரசுடைமையாகி, நிலக்கிழார், குத்தகைக்காரர், கூலி என்ற பிரிவே இல்லாமல் கூட்டாகப் பயிர் செய்ய வேண்டும். 1942இல் நாக்பூரில் நடந்த மாநாட்டிலும் தனிக் கிராமங்கள் என்ற கோரிக்கை தீர்மானமாக வந்தது.

கவனியுங்கள் தோழர்களே. 'வெளியேறு' என்று அவர் சொன்ன வாக்கியத்தின் மறுபாதி 'நிலத்தோடு' என்பது. ஊரை நம்பிப் பிழைக்கும் நிலையிலிருந்து வெளியேறு, அதற்காக நிலத்தையும் நீரையும் அரசிடம் கேட்டு வாங்கு என்பதுதான் அவர் சொன்னது. கையில் எதுவும் இல்லாமல் லாரியில் ஏற்றி அனுப்பப்படுவதை அவர் விடுதலை என்று எங்கும் சொல்லவில்லை. வெளியேறுகிறவருக்குப் போகுமிடம் இருக்கிறது. வெளியேற்றப்படுகிறவருக்கு அது இல்லை.

சரி, இன்றைய சட்டம் நம்மை எப்படி வெளியேற்றுகிறது என்று பார்ப்போம்.

2013இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. நிலம் உள்ளவர் மட்டும் பாதிக்கப்பட்டவர் அல்ல. கையகப்படுத்துவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயத் தொழிலாளி, குத்தகைதாரர், வாரத்துக்குப் பயிர் வைத்தவர், கைவினைஞர் எல்லோரும் பாதிக்கப்பட்டவர்கள். நல்ல விளக்கம். மக்களின் மீது திட்டம் என்ன தாக்கத்தை ஏற்படுத்தும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து, பொதுக் கூட்டம் கூட்டிக் கருத்துக் கேட்கும் சமூகத் தாக்க மதிப்பீடும் அந்தச் சட்டத்தில் உண்டு.

ஆனால் பரந்தூரில் நிலம் எடுப்பது அந்தச் சட்டத்தின்படி அல்ல. தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்கும் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி. அந்தச் சட்டம் உள்ளிட்ட மாநிலச் சட்டங்களுக்குத் தரப்பட்ட விலக்கை 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றத்தில் புதிய சட்டம் போட்டு அவற்றுக்கு உயிர் கொடுத்தார்கள். 2021இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. இழப்பீடும் மறுவாழ்வு அட்டவணைகளும் ஒன்றியச் சட்டத்திலிருந்து வரும். ஆனால் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. ஆட்சி மாறியது, இந்த வழி மாறவில்லை.

சமூகத் தாக்க மதிப்பீடு இல்லை என்றால் யாருக்கு நஷ்டம்? பட்டாதாரருக்கு அவ்வளவாக இல்லை. அவர் பெயர் ஏற்கெனவே சிட்டாவில் இருக்கிறது. அறிவிப்பு அவர் வீடு தேடி வரும். ஆட்சேபம் சொல்லலாம், வழக்குப் போடலாம், விலை பேசலாம். நாற்று நடுகிற பெண்ணின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? அவரைத் தேடிப் போய்க் கணக்கெடுத்தால் ஒழிய அவர் தாளில் வரமாட்டார்.

என் அம்மா நாற்பது ஆண்டுகள் நடவுக்கும் கதிர் அறுப்புக்கும் போனவர். எங்கள் பக்கத்தில் ஒரு திட்டத்துக்காக நிலம் எடுத்தபோது அவர் காலமெல்லாம் வேலை பார்த்த வயல்களும் போயின. எங்கள் தெருவுக்கு ஒரு நோட்டீஸ்கூட வரவில்லை. விசாரிக்கப் போனபோது, அந்த நிலத்தில் வேலை பார்த்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். கூலி படி நெல்லாக வந்தது, பிறகு ரூபாயாக வந்தது. யார் ரசீது கொடுத்தார்கள்? நூறு நாள் வேலை அட்டை ஒன்றுதான் இருந்தது. அது ஏரி வேலை பார்த்ததைச் சொல்லும், வயல் வேலை பார்த்ததைச் சொல்லாது. எந்த ஆண்டையிடமும் போய், 'இவள் என் வயலில் வேலை பார்த்தாள்' என்று எழுதி வாங்கிக்கொண்டு வா என்றார்கள். மானமுள்ளவள், போகவில்லை. நிலத்துக்காரர் குடும்பம் பணத்தை வாங்கிக்கொண்டு டவுனில் வீடு கட்டியது. எங்கள் தெருப் பெண்கள் ஷேர் ஆட்டோவில் இருபது கிலோமீட்டர் போய்க் கட்டட வேலைக்குச் சித்தாளாகச் சேர்ந்தார்கள். ஊர் போனால் சேரியும் போகும் என்று தோழர் எழுதியிருக்கிறார். போகவில்லை தோழரே. ஊர் டவுனுக்குப் போனது. சேரி அப்படியே இருந்தது, சோறு மட்டும் போனது.

இப்போது அந்த 1,972 ஏக்கர். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். புறம்போக்கு என்றால் சும்மா கிடக்கும் இடம் என்று அதிகாரிகள் பேசுவார்கள். ஏரி புறம்போக்கு. குளம், வாய்க்கால், களம், வண்டிப் பாதை, மேய்ச்சல் தரை, சுடுகாடு எல்லாம் புறம்போக்கு. நிலமில்லாதவன் இரண்டு ஆடு வைத்துப் பிழைப்பது அதில்தான். ஏரியில் மீன் பிடிப்பது, விறகு பொறுக்குவது, பட்டா கிடைக்காமல் குடிசை போட்டிருப்பது அதில்தான். இந்தப் பகுதியில் பல ஊர்களில் ஏரி மதகைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டி வேலையைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள் நம் ஆட்கள். ஏரி நீரில் அவர்களுக்குச் சொந்தப் பங்கு இல்லை, ஆனால் ஏரி அவர்கள் கையில் இருந்தது. கையகப்படுத்தும் கணக்கில் புறம்போக்கு என்பது அரசு நிலம், அரசே எடுத்துக்கொள்கிறது, யாருக்கும் பைசா தர வேண்டியதில்லை. 2023இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்குள் வரும் நீர்நிலைகளையும் சேர்த்து ஒருங்கிணைக்க வழி செய்து வைத்திருக்கிறது.

ஏரி போனால் பட்டாதாரருக்குப் பாசனம் போகும், அதற்கு நிலத்தின் விலையில் பதில் உண்டு. நிலமில்லாதவருக்கு ஏரிதான் நிலம். அதற்கு விலையே இல்லை.

இன்னொன்று. 'அரசு நிலம்' என்ற இந்தச் சொல்லின் வரலாறு இதே மண்ணில் நடந்தது. நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் காஞ்சிபுரம் அன்று செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. 1891இல் அந்த ஜில்லாவின் ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். தரிசு நிலத்துக்கு விண்ணப்பம் போட்டால்கூட நம் முன்னோருக்குக் கிடைக்காது, மிராசுதார்களுக்கே முன்னுரிமை. குடியிருக்கும் மனைகூட மிராசுதாரின் பிடியில் இருந்தது, எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்யச் சொல்வார்கள். இதையெல்லாம் அவர் எழுதினார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் வந்தது. அது பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் நம் மக்களுக்குள் மட்டுமே கை மாறலாம் என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன.

அது எங்கே போனது என்பது உங்களுக்குத் தெரியும். கடனுக்கு, கல்யாணத்துக்கு, மிரட்டலுக்கு, கைநாட்டுக்குப் போனது. 1980களில் நில ஆவணங்களை மாற்றி எழுதிய யு.டி.ஆர். பதிவில் பல இடங்களில் பஞ்சமி என்ற அடையாளமே காணாமல் போனது. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது புதிதாக ஒன்றுமில்லை. நூறு ஆண்டுக்கு முன் அரசே கொடுத்த நிலத்தைத்தான்.

ஆகவே ஒரு பெருந்திட்டம் வரும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: இந்த 3,774 ஏக்கர் பட்டா நிலத்தில் பஞ்சமி நிலம் எவ்வளவு? இன்று அது யார் பெயரில் இருக்கிறது? இழப்பீடு யார் கைக்குப் போகப்போகிறது? நம்மிடமிருந்து பறிபோன நிலத்துக்கு, பறித்தவரிடமே அரசு பல மடங்கு விலை கொடுத்து வாங்கினால், அந்தப் பறிப்புக்கு அரசு முத்திரை குத்தியதாகிவிடும். அதன்பின் ஓடுபாதைக்கு அடியில் போய்ப் பஞ்சமி நிலத்தை யாரும் மீட்க முடியாது.

இது என் கற்பனைக் கோரிக்கை இல்லை. 2013 சட்டத்தின் பிரிவு 41(4) என்ன சொல்கிறது தெரியுமா? ஒரு திட்டத்தால் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தால் ஒரு மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும். அதில், அவர்களுக்குச் சேர வேண்டியும் தீர்க்கப்படாமல் இருக்கும் நில உரிமைகளைத் தீர்த்து, பறிபோன நிலங்களின் உரிமையைச் சிறப்பு நடவடிக்கை மூலம் மீட்டுத் தரும் வழிமுறை இருக்க வேண்டும். நிலம் எடுக்கும்போதே அதைச் சேர்த்துச் செய்ய வேண்டும். மாநிலச் சட்டத்தின் வழியாகப் போகும்போது இதைத் தட்டிக்கழிப்பது எளிது. நாம் கேட்டால் மட்டுமே இது பேச்சுக்கு வரும்.

அடுத்து, வேலை. தொழிற்சாலையும் விமான நிலையமும் வந்தால் சாதி தளரும், ஆண்டையிடம் கைகட்டி நிற்க வேண்டாம் என்று நினைக்கும் தோழர்கள் இருக்கிறீர்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் வேலைக்குப் போன நம் பெண் பிள்ளைகள் கையில் சம்பளத்தோடு வீடு திரும்பியது பெரிய மாற்றம்தான். ஆனால் அதே ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பரில் நின்றது. எட்டே ஆண்டுகள். கம்பெனி போனது, ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள் இருபத்தைந்து வயதில் 'பழைய தொழிலாளி' ஆனார்கள். வேறு கம்பெனி பின்னால் வந்தது, அந்த வேலைகள் அவர்களுக்குத் திரும்பி வரவில்லை. நான் தொழில் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. யாரைக் கேட்டு, யாருக்கு என்ன உத்தரவாதத்தோடு என்று கேட்கிறேன். விமான நிலையத்தில் நமக்கு வேலை உண்டு என்கிறார்கள். கழிப்பறை கழுவும் ஒப்பந்த வேலையா, கண்ட்ரோல் டவர் வேலையா என்று எழுத்தில் கேளுங்கள்.

இனி மறுபக்கத்துக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. நிலம் வைத்திருந்து போராடும் விவசாயத் தோழர்களுக்கு.

ஏகனாபுரத்தில் மக்கள் கூடும் இடத்தின் பெயர் அம்பேத்கர் திடல். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. ஊருக்கு ஆபத்து வந்தபோது, எல்லோரும் உட்காருவதற்கு அந்தப் பெயர் கொண்ட இடம்தான் இருந்திருக்கிறது. அந்தப் பெயரில் உட்கார்ந்தால் அந்தப் பெயருக்கு உரிய நியாயத்தையும் பேச வேண்டும். 'எங்கள் ஊரைக் காப்பாற்றுங்கள்' என்று ஒருவர் அழைத்தால், அந்த 'எங்கள்' என்பதில் யார் யார் உண்டு என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. சுடுகாட்டுக்குப் பாதை உண்டா? திருவிழாவில் தேர் எங்கள் தெருவுக்கு வருமா? கிராம சபையில் எங்கள் பெண் தலைவரானால் நாற்காலியில் உட்காரலாமா? பாப்பாப்பட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்து ஆண்டுகள் ஒரு தலித் தலைவரைப் பதவியில் நீடிக்கவே விடவில்லை. கிராம சபைத் தீர்மானம் மக்கள் குரல் என்று நீதிமன்றத்திலும் வீதியிலும் நாம் வாதாட வேண்டும் என்றால், அந்தச் சபையில் எல்லோருக்கும் குரல் இருந்திருக்க வேண்டும்.

நியாம்கிரி மலையில் 2013இல் 12 கிராம சபைகள் கூடி வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன. அங்கே வன உரிமைச் சட்டமும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அந்தச் சபைகளுக்குப் பலம் கொடுத்தன. சமவெளிக் கிராம சபைக்கு அந்தச் சட்டப் பலம் இல்லை. தீர்மானம் போடலாம், அரசு அதைக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம். ஆகவே நமக்கு இருக்கும் ஒரே பலம் ஒற்றுமை. எந்த ஒற்றுமை முதலில் உடையும் என்று அரசுக்கு நன்றாகத் தெரியும். பட்டாதாரருக்கு விலை ஏற்றிக் கொடுத்தால் அவர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்துப் போட நிலமே இல்லாதவரை விலை கொடுத்துப் பிரிக்க முடியாது. கடைசிவரை நிற்கக் கூடியவர் அவர். அவருடைய கோரிக்கை போராட்டத்தின் முதல் வரியில் இல்லையென்றால், அவர் ஏன் கடைசிவரை நிற்க வேண்டும்?

தோழர்களே, கேட்டுவிட்டுக் கலைந்து போக வேண்டாம். மூன்று வேலைகளைக் கையில் எடுங்கள்.

ஒன்று, 13 கிராமங்களுக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பழைய 'அ' பதிவேட்டையும் யு.டி.ஆருக்குப் பிந்தைய பதிவேட்டையும் கேளுங்கள். டி.சி. நிலம், நிபந்தனைப் பட்டா என்று குறித்த சர்வே எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். இது கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய வேலை.

இரண்டு, நிலமில்லாத குடும்பங்களின் பட்டியலை நாமே எடுப்போம். எந்த வயலில், எத்தனை ஆண்டு, என்ன வேலை, எத்தனை ஆடு மாடு, எந்த ஏரியில் மீன். பெண்களிடம் கேட்டு எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சாட்சியோடு எழுதுங்கள். ஆண்டையின் கடிதம் இல்லாமலே நம் தாய்மார்களுக்கு ஆதாரம் உண்டாகட்டும்.

மூன்று, அந்தப் பட்டியலைப் போராட்டக் குழுவின் கையில் கொடுத்து, அதைத் தங்கள் கோரிக்கையில் முதலாவதாக வைக்கச் சொல்லுங்கள். வைத்தால் கடைசிவரை கூட நில்லுங்கள். வைக்கத் தயங்கினால் அங்கேயே உட்கார்ந்து வாதாடுங்கள்.

கேள்வி எழுதிய தோழருக்கு என் பதில் இதுதான். ஒரு நாள் நாம் இந்தச் சேரியை விட்டு வெளியேறத்தான் போகிறோம். நம் நிலத்தின் கணக்கைத் தீர்த்துவிட்டு, போகும் இடத்தை நாமே முடிவு செய்துவிட்டு வெளியேறுவோம். அதுவரை நம்மைக் கணக்கில் எடுக்காமல் யாரும் நம்மை அப்புறப்படுத்த விடமாட்டோம்.